தண்ணீர் ஊற்றாத கல்

"உங்க அப்பா காதை நீ சி-யில எழுதிடுவியாம்மா?"

கல்லூரி லேபில் என் விரிவுரையாளர் இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டதால் எனக்குக் கோபம் வந்தது.

"எழுதிடுவேன் சார்" என்றேன்.

சேலத்தில் நான் படித்த கல்லூரியில் எங்கள் துறைக்கென்று இருந்தது ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டர். அதில் ஒலியை எண்களாக மாற்றும் அட்டை ஒன்று செருகியிருந்தது. வெளிநாட்டில் படிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து விரிவுரையாளர் வாங்கி வந்த ஒலி நிரல் ஒன்று நான்கு ஃபிளாப்பிகளில் இருந்தது. "இந்தச் சத்தத்தை எடு, இங்கே வெட்டு, பெரிதாக்கு, படம் போடு" என்று வரிவரியாக ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால் அது ஒவ்வொன்றாகச் செய்யும். அதற்குத் தெரியாத வேலை ஒன்றை நாமே சொல்லித் தரவும் வழி இருந்தது. சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்னப் பகுதியை எழுதி, அதன் பெயரை அட்டவணையில் சேர்த்து, மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்து மிஷினுக்குப் புரியும்படி மாற்றிவிட்டால் அந்தப் பெயரும் ஒரு கட்டளையாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்த கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் அது இருந்தது. அதுவரை யாரும் அந்த அத்தியாயத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை. அந்தப் பக்கங்கள் மட்டும் புதிதாகவே இருந்தன.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் அந்த அத்தியாயத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். கருங்கல்லைத் தட்டும் சத்தத்தைக் கொடுத்தால், கல்லுக்குள் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஒரு கட்டளை. அதற்கு 'நாதம்' என்று பெயர் வைத்தேன்.

அப்பா பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் வேலை செய்தார். இருபது வருடம் சம்மட்டி பிடித்துவிட்டு, பிறகு கல் பார்க்கிறவராக ஆனவர். வெட்டியெடுத்த கல் லாரி ஏறுவதற்கு முன் அவர் சின்னச் சுத்தியலால் மூன்று முறை தட்டுவார். அப்போது குவாரியில் எல்லாச் சுத்தியல்களும் நின்றுவிடும். நல்ல கல் கணீரென்று நீண்டு ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்ட கல் பொத்தென்று அடங்கிவிடும். அவர் தலையசைத்தால்தான் கல்லுக்குச் சங்கிலி மாட்டுவார்கள். சங்கிலியில் தூக்கும்போது கல்லை லாரிக்குத் திருப்பிவிட நான்கைந்து பேர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விரிசல் விட்ட கல் தூக்கும்போது பிளந்தால் என்ன ஆகும் என்று குவாரியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். ஹாஸ்டலில் மற்றப் பெண்கள் அப்பா தாசில்தார், அப்பா பேங்கில் வேலை என்று சொல்லும்போது நான் தயங்கியதே இல்லை. "எங்கப்பா கல்லுக்குள்ள இருக்கறதைக் காதால பார்ப்பாரு" என்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த ப்ராஜெக்ட் என் தலைக்குள் வந்தது என்று நினைக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள், லேபின் டேப் ரெக்கார்டரையும் மைக்கையும் பையில் வைத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். நாற்பது கற்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம். எல்லாரும் தூக்குவாளியும் கையுமாக வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டும், நான் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு தீர்ப்பை நோட்டில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

வழக்கம்போல் ஒரு ஆள் குடத்தோடு வந்து முதல் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றப் போனார். நான் தடுத்தேன்.

"தண்ணி வேணாங்கண்ணா. மைக்கு கெட்டுடும். ஈரமா இருந்தா சத்தமும் மாறிப்போயிடும்."

அப்பா சுத்தியலோடு என்னைப் பார்த்தார். "தண்ணி இல்லாமயா?"

"உங்களுக்கு எதுக்குப்பா தண்ணி? காதுதான் இருக்கே!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்பனை விட்டுக் குடுக்கறாளா பாரு" என்றார் மேஸ்திரி. "அடிங்கண்ணா, பாப்பா காலேஜுக்கு நேரமாவுதுல்ல."

அப்பா தட்டினார். சொன்னார். நல்லது, நல்லது, விரிசல், நல்லது. ஒரு கல்லுக்கும் தயங்கவில்லை. நாற்பதும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நல்லது என்று சொன்ன கற்களுக்கு அவரே ஒரு வட்டம் போட்டார்.

கட்டளையை எழுதுவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக ஆரம்பித்தது. சத்தம் என்பது சி-யில் ஒரு நீண்ட எண் வரிசை. அடி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது, சிறிது நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். நிறைய மிச்சமிருந்தால் நல்ல கல், சீக்கிரம் செத்துவிட்டால் விரிசல். அறுபது வரிகூட இல்லை. ஒரு இடத்தில் தப்பு செய்தால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். பொத்தானை அமுக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாளில் பதினைந்து முறை அமுக்கியிருப்பேன்.

முதல் முறை முழுதாக ஓடியபோது திரையில் வந்த எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். அப்பா ஓங்கி அடித்த அடிக்குப் பலம் சைபருக்கும் கீழே இருந்தது. அதாவது, சத்தமே இல்லாத இடத்தைவிட அந்த அடி அமைதியானதாம்! ஓங்கி அடித்த அடிகள்தான் இப்படிக் கீழே போயின. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெருக்கி வரும் எண்ணை வைக்க நான் எடுத்துக்கொண்ட இடம் சிறியது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் எண் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் கீழே விழுந்துவிடும். ஒரே ஒரு சொல்லை மாற்றி, பெரிய இடமாகக் கொடுத்தேன். எல்லாம் நிமிர்ந்துகொண்டது.

அன்று நான் லேபில் தனியாகச் சிரித்தேன். மறுநாளே அடுத்த அடி விழுந்தது.

நாற்பது கற்களையும் ஓடவிட்டு, 'நாதம்' சொன்னதையும் அப்பா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தேன். ஏறக்குறையப் பாதிக் கற்களில்தான் இரண்டும் ஒத்துப்போயின.

விரிவுரையாளர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "காசைச் சுண்டிப் போட்டாலும் இவ்ளோ வரும்மா. ஒண்ணு உன் ப்ரோக்ராம் தப்பு. இல்லைன்னா உங்கப்பா தப்பு."

"எங்கப்பா தப்பா இருக்க முடியாது சார்."

"அப்படின்னா உன்னோடதை சரி பண்ணு."

மூன்று வாரம் சரி பண்ணினேன். எவ்வளவு மிச்சமிருந்தால் நல்ல கல் என்ற எல்லையை ஏற்றினேன், இறக்கினேன். கேட்கும் நேரத்தை நீட்டினேன், குறைத்தேன். ஏழாம் கல்லை அப்பா சொன்னபடி வரவைத்தால் பதினெட்டாம் கல் கெட்டுப்போகும். பதினெட்டைச் சரிசெய்தால் மூன்றாவது போகும். என் கட்டளையை அப்பாவின் தீர்ப்புக்கு வளைக்க நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் ஒரு முறைகூட நான் அந்தச் சத்தங்களைக் காதால் கேட்கவில்லை. எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பது அப்பாவின் வேலை என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அட்டை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒன்பதாம் கல். அப்பா நல்லது என்று சொல்லி வட்டம் போட்ட கல்.

பொத்.

ஈரமான மண்ணில் கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. இன்னொரு முறை போட்டேன். பொத். பிறகு அவர் விரிசல் என்று தள்ளிவிட்ட பன்னிரண்டாம் கல்லைப் போட்டேன். கோயில் மணிபோல் கணீரென்று நீண்டது. இருபது வருட அனுபவம் வேண்டியதில்லை. வழியில் போகிற யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் எது நல்ல கல் என்று சொல்லிவிடுவார்கள். என் கட்டளை முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாரா? நோட்டில் நான் எண்களை மாற்றி எழுதிவிட்டேனா? மறுநாள் காலை டேப் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் தர்மபுரி வந்து, அங்கிருந்து பாலக்கோட்டு பஸ் பிடித்து, வழியில் குவாரியில் இறங்கினேன். எண்கள் அப்படியே இருந்தன. என் நோட்டில் தப்பில்லை. ஒன்பதாம் கல்லை மட்டும் காணவில்லை.

"அதுவா? அளவுக்கு வெட்டலாம்னு உளி வெச்சோம், சொல்லாம கொள்ளாம ரெண்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி. "உள்ளாற விரிசல். உங்கப்பா தட்டியும் எப்படித் தப்பிச்சுதோ! கல்லும் பொம்பள மனசு மாதிரிதான் கண்ணு."

'நாதம்' விரிசல் என்றும் அப்பா நல்லது என்றும் சொன்ன மற்ற நான்கு கற்களைத் தேடினேன். நான்கும் வட்டத்தோடு வரிசையில் நின்றன. ஒத்துப்போகாத மற்றவையெல்லாம் பன்னிரண்டாம் கல்லைப் போல அவர் வீணாகத் தள்ளிவிட்டவை. திங்கட்கிழமை லாரி வருகிறதாம்.

குவாரியில் எல்லார் முன்னும் அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். டேப் ரெக்கார்டரை எடுத்துப் போய் எதிரே வைத்தேன். அம்மா ஓரமாகக் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்குப் பதிவு பண்ணது. கேட்டு இன்னொரு தடவ சொல்றீங்களா?"

"போடு."

டேப்பை முழுவதும் பின்னால் சுற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். டேப்பின் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடும். அதற்குள் மனதில் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

"நல்ல கல்லு" என்றார் அப்பா.

சத்தம் இன்னும் வரவேயில்லை.

அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அமுக்கியதைப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்தார், சொன்னார். அதன் பிறகுதான் டேப்பிலிருந்து முதல் அடி கணீரென்று எழுந்தது. அவர் அசையவில்லை. செயினைத் துடைத்துக்கொண்டே "அடுத்தது" என்றார்.

முறத்தின் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏழெட்டு வருசமாத் தெரியும்" என்றாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. தாழ்த்தத் தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "கம்ப்ரசர் மிசினு வெச்சுக் காது கிழியற சத்தத்துல கல்லுல தொளை போட்டாரு பாரு, அந்த வருசத்துல இருந்து. பக்கத்துல நின்னு பேசினா கேக்கும். மொகத்தப் பார்த்துப் பேசினா புரிஞ்சுக்குவாரு. கீச்சுனு இருக்கற சத்தமெல்லாம் போயிடுச்சு. வூட்டுல குருவி கத்தறது, பஸ்ஸு விசிலு, ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லி? நீ என்ன டாக்டருக்கா படிக்கிற?"

நான் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்த நாள் ஞாபகம் வந்தது. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று, "அப்பா, பள்ளிக்கூடத்துலயே நான்தான் முதல்" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. பெண் பிள்ளை படித்து முதலாவதாக வந்தால் அவருக்கு என்ன என்று அன்று அழுதேன். நான்கு வருடமாக அதை உள்ளே வைத்திருந்தேன்.

அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. துணியைக் கீழே போட்டார்.

"தண்ணிலதான் பார்ப்பேன்" என்றார். "கல்லு மேல தண்ணி ஊத்தினா கொஞ்ச நேரத்துல காஞ்சுடும். விரிசல் இருக்கற எடம் மட்டும் காயாது. கறுப்பா கோடு நிக்கும். முடி மாதிரி இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். தட்டறது சும்மா, பழக்கத்துக்கு."

"அன்னிக்குத் தண்ணி ஊத்தலையேப்பா."

"நீதான வேணாம்ன."

"அப்ப எதுக்குப்பா சொன்னீங்க? தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேரு நிக்கறாங்க. நீ நோட்டும் பேனாவுமா நிக்கற. காதுதான் இருக்கேங்கற. எம்பொண்ணு முன்னாடி எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?"

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. முகத்துக்கு நேராக, மெதுவாகக் கேட்டேன்.

"உள்ளாற மட்டும் இருக்கற விரிசலு? மேல வராதது? தண்ணியில அது தெரியுமாப்பா?"

அவர் கீழே போட்ட துணியை எடுத்து உதறினார்.

"அந்த நாலு கல்லு நாளைக்கு லாரி ஏறுதாமே."

"அப்புறமா தண்ணி ஊத்திப் பார்த்துட்டேன். கோடு ஒண்ணும் நிக்கல."

"ஒம்பதாம் கல்லுல நின்னுதா?"

அவர் எழுந்து சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் அம்மா என் பின்னாலேயே நடந்தாள். "வெளிய தெரிஞ்சா மறுபடி சம்மட்டிதான் குடுப்பாங்க. இல்லைன்னா வூட்டுக்குப் போன்னுவாங்க. அம்பது வயசுல அவரு முதுகு தாங்குமா? ஏழெட்டு வருசமா ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டா? நீ வாயத் தொறக்காத. உன் மிசினு சொல்றதுதான் சத்தியமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நாலு நாள் முன்பு வரை ஓங்கி அடித்த அடியை மௌனத்தைவிட அமைதி என்று சொன்ன கட்டளைதானே என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அதை நான் திருத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாலு நாள் என்று மனது வேண்டுமென்றே பொய்க் கணக்குப் போட்டது. அந்த நான்கு கற்களையும் மறுபடி டேப்பில் கேட்டேன். நான்கும் பொத்தென்றுதான் விழுந்தன. அதைக் கேட்க எந்த மிஷினும் தேவைப்படவில்லை. அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். அன்று குடத்தோடு வந்த அண்ணன் அவர்களில் ஒருவர்.

திங்கட்கிழமை விடிந்ததும் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். ஏழரை மணிக்குத் திரும்பி வந்தேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பஸ்ஸ விட்டுட்டியா?"

"இல்லப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மொதலாளிகிட்ட சொல்லப் போறியா?" என்று அப்பா கேட்டார்.

"சொல்லிட்டேன்ப்பா" என்றேன். "நாலு கல்லு நம்பரும் எழுதிக் குடுத்துட்டேன். சத்தத்தையும் போட்டுக் காட்டினேன். அவரே கேட்டாரு. சங்கிலிய அவுக்கச் சொல்லிட்டாரு. இனிமே நீங்க தண்ணி ஊத்திப் பார்த்தா மட்டும் போதும், தட்டிக் கேக்கறதுக்கு வேற ஆளு வெய்யுங்கன்னு அவருகிட்ட நான்தான் கேட்டேன். அவரு இன்னும் ஒண்ணும் சொல்லல."